அரசியின் மதியத் தூக்கம்

மழை மாதம், வளர்பிறை ஐந்தாம் நாள்
அணைக்கரை வீடு

இளவரசி வளரும்வரை அவள் பெயரால் நாட்டை ஆளும் அரசியாருக்கு,

அக்கா என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

என் கணவரை முழுநிலவுக்கு மறுநாள் கல் உடைக்கும் மலைக்கு அனுப்பப் போகிறார்கள். அதுவரை கோட்டைச் சிறையில் வைத்திருக்கிறார்கள். நேற்று மாற்றுத்துணி கொண்டுபோனேன். காவலர் துணியை உதறிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மலைக்குப் போகிறவர்களுக்கு அங்கேயே துணி கொடுப்பார்களாம்.

விசாரணைக்கு முந்தின நாள் உங்கள் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "ஒரே ஒரு கேள்வி கேக்கறேன்டி. மதகைத் திறக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு கேக்கறேன். அவர் சொல்லட்டும். சபையே கேக்கட்டும். மீதியை நான் பாத்துக்கறேன்." இதைத்தான் சொன்னீர்கள். நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

அரசியின் குரல் ஆண்கள் காதில் விழக்கூடாது. அதனால் திரைக்குள் உட்கார்ந்து நீங்கள் மெல்லச் சொல்வதைக் குரல்காரி உரக்கச் சொல்கிறாள். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், கோல்காரர் மூன்று முறை தரையைத் தட்டியதும் "அப்படியே ஆகட்டும்" என்று அவளே முடித்துவிடுகிறாள். பிறந்ததிலிருந்து இந்த வழக்கத்தைப் பார்த்துத்தான் நாம் இருவரும் வளர்ந்தோம். உங்கள் மௌனத்துக்கு என்ன பொருள் என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

அரண்மனைக் களஞ்சியத்தில் தண்ணீர் புகுந்தது உண்மை. முத்திரை போட்ட உத்தரவு வருவதற்குள் இவர் மதகைத் திறந்ததும் உண்மை. எழுத்தர் அதை வாசித்து முடித்தார். கோல் ஒரு தட்டு. இரண்டு தட்டு. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவரும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தட்டு.

ஏன் கேட்கவில்லை? இது ஒன்றுக்குத்தான் பதில் வேண்டும்.

அணைக்காவல் அதிகாரியின் மனைவி


மழை மாதம், வளர்பிறை ஏழாம் நாள்
அரண்மனை

தங்கைக்கு,

இது எழுத்தரைக் கொண்டு எழுதுவிக்கப்படுகிறது. உன் துயரம் யாம் அறியாதது அன்று. எனினும் முத்திரையின்றி மதகைத் திறப்பவருக்கு உள்ள தண்டனை எம் மாமனார் காலத்திலேயே வகுக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் எமக்கு உறவு என்பதாலேயே யாம் பேச இயலாத நிலையில் இருந்தோம். உறவுக்கு ஒரு நீதி, ஊருக்கு ஒரு நீதி என்று நாளை எவரும் சொல்லிவிடலாகாது. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு மௌனம் காத்தோம். உன் வீட்டுச் செலவுகளை அரண்மனை ஏற்கும். உடல்நலம் பேணவும்.

அரசி


மழை மாதம், வளர்பிறை எட்டாம் நாள்
அணைக்கரை வீடு

அக்கா,

எழுத்தருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. பொய்யைக்கூட அழகாக எழுதுகிறார்.

நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டாயாம். பெண்கள் வரிசையில் திரையை ஒட்டிய இடம் அரசியின் தங்கைக்கு என்று ஒதுக்கியிருப்பது உனக்கு மறந்துவிட்டதா? அன்று நான் அங்கேதான் இருந்தேன். கையை நீட்டினால் திரையைத் தொடலாம். எழுத்தர் நனைந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தபோது உள்ளே முதலில் ஒரு பெருமூச்சு கேட்டது. நீ அழுகிறாய் என்று நினைத்தேன். மனசு உருகிப்போனது. பிறகு பல்லைக் கடிக்கும் சத்தம். அதற்கப்புறம் அடித்தொண்டையில் அந்த உறுமல்.

கல்யாணம் ஆகிப் போகும்வரை உன் பக்கத்தில் படுத்தவள் நான். "இந்தக் குறட்டையக் கேட்டா எவன்டி உன்னக் கட்டிக்குவான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாளே, அதே சத்தம்.

நீ மௌனம் காக்கவில்லை. தூங்கினாய்.

என் கணவருடைய வாழ்க்கையை ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது, சாப்பிட்ட களைப்பில், திண்டில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாய்.

இனி எழுத்தரைக் கொண்டு எழுதாதே. அவர் பாவம்.


மழை மாதம், வளர்பிறை பத்தாம் நாள்

தங்கம்,

இது என் கையெழுத்து. கோணல் மாணலாகத்தான் இருக்கும். நான் சொந்தக் கையால் எழுதி வெகுகாலமாயிற்று. எழுதியதும் நானே மடித்து நானே அரக்கு வைக்கப் போகிறேன்.

தூங்கினேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றுதான் முதலில் யோசித்தேன். குரல்காரியைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவள் மேல் தவறில்லை என்று தெரிந்துதான் திட்டினேன். அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அன்று என்ன நடந்தது தெரியுமா? உன்னிடம் சொன்ன அந்தக் கேள்வியை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுத்தர் மூட்டைக் கணக்கைத் தொடங்கினார். புழுக்கம். கண் திறந்தபோது எல்லோரும் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. குரல்காரியின் கையைப் பிடித்து, "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லலம்மா. நாந்தான் சொன்னேன்."

அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அவள் என்னை எழுப்பியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். ஒருநாள் தொட்டு எழுப்பியதற்கு நான் அவளைக் கடிந்துகொண்டேனாம். உறங்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேனாம். அதற்கப்புறம் அவள் என்னைத் தொடுவதில்லை.

மன்னர் இறந்ததிலிருந்து எனக்கு இரவில் உறக்கம் கிடையாது. உடம்பு பகலில் ஈடுகட்டிக்கொள்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு சபை கூடினால் போதும், வாசிக்கிறவரின் குரல் தாலாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. அன்று ஒருநாள் மட்டும்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உன்னிடம் இன்னொரு பொய் வேண்டாம்.

வழி ஒன்று யோசித்திருக்கிறேன். இளவரசிக்குப் பன்னிரண்டு வயது முடிகிறது. அதையொட்டி மாப்பிள்ளைக்கு மன்னிப்பு என்று குரல்காரி மூலமாக அறிவித்துவிடலாம். மலைக்குப் போக வேண்டாம். வேலையும் திரும்பக் கிடைக்கும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

நான் தூங்கினேன் என்று சபையில் சொல்லச் சொல்லாதே. அதைக் குரல்காரி சொன்னால் செல்லாது. தீர்ப்பைத் திரும்பப் பெறுகிற அரசி தன் வாயால்தான் சொல்ல வேண்டும். சொன்ன கணமே நான் திரைக்குப் பின்னால் உட்காரும் தகுதியை இழந்துவிடுவேன். என் கொழுந்தன் அந்த இடத்துக்கு வருவார். அண்ணன் செத்த அன்றே அவர் கண் அந்த ஆசனத்தில் விழுந்துவிட்டது. என் பெண்ணை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. அவளுக்காகத்தான் இத்தனையும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தூங்கியதை மறைத்ததும் அவளுக்காகத்தான்.

மாப்பிள்ளையிடம் நல்லவிதமாகச் சொல்.


மழை மாதம், வளர்பிறை பன்னிரண்டாம் நாள்

அக்கா,

சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மன்னிப்பா?" என்றார். வேறு யார் பெயரையோ சொல்லி என்னைக் கூப்பிடுகிறாயே என்பது மாதிரி பார்த்தார்.

"தப்பு பண்ணவனத்தான மன்னிப்பாங்க. நான் என்ன பண்ணேன்? மதகைத் திறக்கலன்னா அன்னைக்கு விடியறதுக்குள்ள கரை போயிருக்கும். கீழத்தெரு மொத்தமும் போயிருக்கும். உத்தரவு வர்ற வரைக்கும் தண்ணி காத்திருக்குமா? மன்னிப்ப வாங்கிட்டு நான் நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிட்டு அந்தத் தெருவுல நடக்கறது? மலைக்கே போறேன், போ."

அவரைப் பற்றி உனக்குத் தெரியும். பிடித்தால் பிடித்ததுதான். கெஞ்சிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீ தூங்கியதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கும். உன்னிடம் முதலில் சொல்கிறேன்.

உன்னைப் பெண் பார்க்க அரண்மனைப் பெண்கள் வந்து நம் வீட்டில் தங்கியது நினைவிருக்கிறதா? பெண் எப்படி நடக்கிறாள், எப்படிச் சாப்பிடுகிறாள், எப்படித் தூங்குகிறாள் என்று எல்லாம் பார்ப்பார்கள் என்று அம்மாவுக்கு ஒரே கலக்கம். என்னை உன் பக்கத்தில் படுக்க வைத்து, "அக்கா சத்தம் போட்டா உடனே இருமு. உனக்குத்தான் சளின்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். அவர்கள் இருந்த நாளெல்லாம் நான் கண் மூடவில்லை. நீ உறுமுவாய், நான் இருமுவேன். கிளம்பும்போது ஒரு கிழவி என் கையில் இருமல் மருந்து கொடுத்துவிட்டுப் போனாள். நீ அரசியானாய்.

அன்று சபையில் உன் குறட்டை கேட்டதும் நான் இருமினேன்.

யோசித்துச் செய்யவில்லை. தொண்டை தானாகச் செய்தது. முதல் தட்டில் இருமினேன். இரண்டாவது தட்டில் உன் சத்தம் பெரிதாயிற்று, நானும் பெரிதாக இருமினேன். பக்கத்தில் இருந்த அமைச்சர் மனைவி எனக்குத் தண்ணீர் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். தலையை நிமிர்த்தியபோது "அப்படியே ஆகட்டும்" என்று கேட்டது.

நான் சும்மா இருந்திருந்தால் சபைக்கே கேட்டிருக்கும். சிரித்திருப்பார்கள். வழக்கைத் தள்ளி வைத்திருப்பார்கள். இவர் வீட்டில் இருந்திருப்பார். என் அக்காவின் மானம் போய்விடக்கூடாது என்று என் புருஷனை மலைக்கு அனுப்பியவள் நான். உன்னை இத்தனை திட்டி எழுதியதெல்லாம் எதற்கென்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. உன்னைப் பேசச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.


மழை மாதம், வளர்பிறை பதின்மூன்றாம் நாள்

இருமினாயா.

படித்துவிட்டு முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. குரல்காரி ஓடி வந்தாள். "ஒண்ணுமில்ல, போ" என்றேன். என் குரல் அவளுக்கு எப்படிக் கேட்கிறது என்று திடீரென்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கேட்டேன். கொஞ்சம் கரகரப்பாக இருக்கும் என்றாள்.

நாளைக் காலையில் சபையைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். காலையில்.

நீ வராவிட்டால் நல்லது. வந்தால், தயவுசெய்து இருமாதே.


மழை மாதம், தேய்பிறை ஆறாம் நாள்
அணைக்கரை வீடு

அக்கா,

நீ இடம் மாறிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். பழைய அரசிகளின் வீட்டுக்கு இந்தக் கடிதம் எந்த வாசல் வழியாக வரும் என்று தெரியவில்லை. காய்கறி கொண்டுவரும் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன்.

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் நேரே அணைக்குப் போய் மதகுச் சங்கிலியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். யாரோ எண்ணெய் போடாமல் விட்டுவிட்டார்களாம். அதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

அன்று நான் வந்திருந்தேன். குரல்காரி வழக்கம்போல வாயைத் திறந்தாள், நீ அவளை நிறுத்தினாய். பிறகு உன் குரல் கேட்டது. "அன்னைக்கு நான் தூங்கிட்டேன். அந்தத் தீர்ப்பு என்னோடது இல்ல." இவ்வளவுதான். நம் வீட்டு அடுக்களையில் பேசுகிற மாதிரி. அமைச்சர்கள் தரையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ குறட்டை விட்டுக் காட்டினான், இன்னொருவன் சிரித்தான். உன் கொழுந்தன் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அடங்கிவிட்டார்கள்.

நீ என் கணவருக்காகப் பேசினாய். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். இவள்தான் தங்கை என்று யாரும் என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று. அமைச்சர் மனைவி என்னைவிட்டு ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் நகர்ந்ததற்காக உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. உன் மேல்.

வீட்டில் இவர் வாயைத் திறந்தால் உன் புகழ்தான். "ராஜவம்சத்துல உங்க அக்கா ஒருத்திதான் நேர்மையான ஆளு" என்கிறார். கேட்டுக்கொண்டே பரிமாறுவேன். மூன்று நாளைக்கு முன் தாங்காமல், நான் இருமியதைச் சொல்லிவிட்டேன். சாப்பாட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு, "எப்படி இருமின? இருமிக் காட்டு" என்றார்.

அவர் முன்னால் நின்று இருமிக் காட்டினேன்.

"இவ்வளவுதானா" என்றார். மீதியைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். கோபமா, சமாதானமா என்று இன்றுவரை தெரியவில்லை. பேசுகிறார். ஆனால் நான் தொண்டையைச் செருமினால் திரும்பிப் பார்க்கிறார்.

உன் பெண் எப்படி இருக்கிறாள்? கொழுந்தன் அவளை என்ன செய்தார்?


மழை விட்ட மாதம், வளர்பிறை மூன்றாம் நாள்
பழைய அரசிகளின் வீடு

தங்கம்,

இங்கே என் மாமியார் காலத்து அறை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் சபையின் பின்சுவர். குரல்காரியும் கூடவே வந்துவிட்டாள். அவளுக்கு வேலை இல்லை. நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம்.

கொழுந்தன் என் பெண்ணை என்ன செய்தார் என்று கேட்டாய். தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொள்கிறார். வாசிக்கப்படுவது புரியாவிட்டால் நிறுத்தச் சொல் என்கிறாராம். அவள் நிறுத்துகிறாளாம். மாப்பிள்ளையின் வழக்கை எடுத்ததும் அவர் முதலில் கேட்டதே, மதகைத் திறக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. யாருக்குமே தோன்றுகிற கேள்வி அது. இந்த மனிதர் வந்துவிடக் கூடாது என்றுதான் நான் அந்த ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றாகச் செய்கிறார். மதியத்தில் தூங்குவதில்லை.

மகள் முதல் பத்து நாள் என்னைப் பார்க்க வரவில்லை. அவளுடைய தோழிகள் நடைபாதையில் குறட்டை விட்டு விளையாடுகிறார்கள் என்று குரல்காரி சொன்னாள். போன வாரம் வந்தாள். வாசலிலேயே நின்று, "அம்மா, நீங்க தூங்கின மத்த நாள்ல யாரெல்லாம் வந்தாங்க?" என்று கேட்டாள்.

உன் புருஷன் என்பதால் நான் பேசினேன். அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இப்போது மதியத்து வழக்குகளை எல்லாம் மறுபடி எடுக்கிறார்கள். மலையிலிருந்து ஆட்களைக் கூட்டி வருகிறார்கள். என்னைத் திரை இல்லாமல் ஒரு முக்காலியில் உட்கார வைக்கிறார்கள். ஒவ்வொரு வழக்குக்கும் கொழுந்தன் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "அண்ணி, அன்னைக்கு முழிச்சிருந்தீங்களா?" நினைவில்லை என்று சொன்னால் தீர்ப்பு ரத்து. பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறேன். மலையிலிருந்து வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை.

நேற்று ஒரு சாயக்காரரின் மனைவி வந்தாள். அவள் புருஷன் மலையில் காய்ச்சலில் போய்விட்டான். ரத்து செய்ய ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறாள். கொழுந்தன் என்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார்.

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது, தங்கம். அன்று மழை. குளிர்ச்சியாக இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆற்றில் சாயத்தண்ணீர் விட்டதாக வழக்கு. அவன் கை கூப்பிக்கொண்டு என்னவோ சொன்னான், அதுவும் காதில் விழுந்தது. நியாயமாகத்தான் சொன்னான். கோல் தட்டினார்கள். ஏதாவது சொன்னால் விசாரணை நீளும், மாலைக்குள் முடியாது என்று நினைத்தேன். மூன்றாவது தட்டும் ஆனது.

தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றாள். ஊருக்கே தெரிந்த கதை. என் பெண் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

"முழிச்சிருந்தேன்" என்றேன்.